இறக்கைக்கு நேரே நில்லுங்கள்

கண் பளிச்சென்று விழுந்திருக்கும்; இறக்கை ஓரம் பஞ்சாக மங்கியிருக்கும். இல்லையென்றால் இறக்கையின் செதில்களை எண்ணிவிடலாம், முகம்தான் தெரியாது. பட்டாம்பூச்சியைப் படமெடுக்க இறங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்கிற சுவர் இது. லென்ஸ்மீது சந்தேகம் வரும், இன்னொன்று வாங்குவார்கள், அதிலும் அப்படியேதான் விழும். பெரும்பாலும் கோளாறு கண்ணாடியில் இல்லை, கேமராவைப் பிடித்த கோணத்தில் இருக்கிறது.

முதலில் கணக்கு. கேமராவில் படம் பதியும் தகடான சென்சார், ஃபுல் ஃப்ரேம் என்கிற பெரிய அளவில் 36 மி.மீ. அகலம். 1:1 உருப்பெருக்கம் என்றால் 36 மி.மீ. அகலமுள்ள காட்சி அந்தச் சென்சாரை விளிம்புவரை நிரப்புகிறது. அப்போது அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 8-இல் வைத்தால் (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தமே 1 மி.மீ.தான். 1:2-க்கு இறங்கினால் 3 மி.மீ. அளவுக்கு வரும். 1:4-இல் ஒரு செ.மீ.-ஐத் தொடும். நடுத்தர அளவுள்ள பட்டாம்பூச்சி ஒன்றை, இறக்கை மூடியிருக்கும்போது தாராளமாகச் சட்டத்துக்குள் வைக்க 1:2 போதும். ஆக, உங்கள் கையில் இருப்பது 3 மி.மீ. கண், உணர்கொம்பு, முன்னிறக்கை, பின்னிறக்கை எல்லாமே அதற்குள் அடங்கியாக வேண்டும்.

அப்பர்ச்சரை இன்னும் மூடினால் என்ன? எஃப் 16-க்குப் போனால் ஆழம் இரட்டிக்கும், உண்மைதான். ஆனால் நெருங்கிப் போகப் போக, லென்ஸில் வைத்த எண் வேறு, சென்சாருக்குக் கிடைப்பது வேறு. வைத்த எண்ணை, உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கிப் பாருங்கள்: 1:1-இல் எஃப் 16 என்பது எஃப் 32 போல நடந்துகொள்ளும். அவ்வளவு சிறிய துளை வழியாக வரும் ஒளி விளிம்பில் வளைந்து சிதறுவதால் படம் முழுக்க ஒரு மெல்லிய மூட்டம் விழும். எங்கும் ஃபோகஸ் தவறவில்லை, ஆனால் எங்கும் கூர்மையும் இல்லை என்கிற விசித்திரமான படம் கிடைக்கும். 1:1-இல் எஃப் 8 முதல் 11 வரை, 1:3 போன்ற தூரத்தில் எஃப் 11 முதல் 16 வரை என்று நிறுத்திக்கொள்வது நல்லது. இன்னொரு விளைவும் உண்டு: 1:1-இல் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் அதைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும்; ஃபிளாஷை மேனுவலில் வைத்திருப்பவர்கள்தான் ஏமாறுவார்கள்.

எனவே ஆழத்தைக் கூட்டப் போராடுவதைவிட, இருக்கிற ஆழத்தைச் சரியான இடத்தில் வைப்பதுதான் வேலை. மூடிய இறக்கை கிட்டத்தட்ட ஒரு தட்டையான தகடு. கேமராவின் முதுகும் அந்தத் தகடும் எதிரெதிர்ச் சுவர்களைப் போல இணையாக இருந்தால், 3 மி.மீ. போதும், மிச்சமும் இருக்கும். ஃபோகஸை இறக்கையின் நடுவில் வைக்காதீர்கள். உடலும் கண்ணும் இறக்கையின் பரப்பிலிருந்து சற்று முன்னே பின்னே இருக்கும். கண்ணுக்கும் இறக்கையின் அடிப்பகுதிக்கும் இடையே ஃபோகஸ் விழுந்தால் இரண்டும் சேரும். பிறகு வியூஃபைண்டரில் இறக்கையின் முன்னோரத்தையும் பின்னோரத்தையும் மாறி மாறிப் பாருங்கள். பின்னோரம் மட்டும் மங்கலாக இருந்தால் கேமராவை இருந்த இடத்திலேயே திருப்பக் கூடாது. பூச்சியை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்தால் எப்படியோ, அப்படி உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஓர் அங்குலம் நகர வேண்டும். இடமா வலமா என்று தெரியவில்லையா? ஒரு பக்கம் நகருங்கள், மங்கல் அதிகமானால் மறுபக்கம்.

இடவலம் சரிசெய்பவர்களும் மறந்துவிடுவது மேல்கீழ்ச் சாய்வை. நின்றபடி குனிந்து எடுத்தால் கேமரா எப்போதும் மேலிருந்து கீழ் நோக்கும். இறக்கை செங்குத்தாக நிற்கும். மேல் நுனி கூர்மை, கால்கள் மங்கல். முட்டி போட்டு, தேவைப்பட்டால் வயிற்றில் படுத்து, லென்ஸைப் பூச்சியின் உயரத்துக்கே கொண்டுவருவது அழகுக்காக மட்டும் செய்கிற காரியம் இல்லை.

விரித்த இறக்கைக்கு இதே விதி மேலிருந்து பொருந்தும். ஆனால் இறக்கை பாதி விரிந்து "வி" வடிவில் இருந்தால் எந்தக் கோணத்திலும் இணை கிடைக்காது. முழுதாக விரியும்வரை காத்திருங்கள், அல்லது துணிந்து முகத்துக்கு நேராகப் போய், கண்ணையும் சுருண்ட உறிஞ்சுகுழலையும் மட்டும் கூர்மையாக எடுத்துவிட்டு மற்றதை மங்க விடுங்கள். இரண்டுக்கும் நடுவில் எடுப்பதுதான் வீண்.

வெயில் சொல்லித் தரும் கோணம்

பட்டாம்பூச்சி தன் உடல் சூட்டை வெளியிலிருந்துதான் பெறுகிறது. பறக்கும் தசைகள் சரியாக வேலை செய்ய மார்புப் பகுதி ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக வேண்டும். அதனால்தான் விடியற்காலையில் அது பறக்காது, பறக்க முடியாது. அதன்பின் வெயில் காயும் நேரம் ஒன்று உண்டு. படமெடுப்பவருக்கு அதுதான் பொன்னான நேரம், ஏனென்றால் வெயில் காயும் முறை இறக்கை எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

சில இனங்கள் இறக்கையை முழுதாக விரித்து முதுகைச் சூரியனுக்குக் காட்டும். புல்வெளிகளில் தாழப் பறக்கும் சிறு மஞ்சள் பட்டாம்பூச்சிகள் இறக்கையை மூடி, பக்கவாட்டில் சாய்ந்து, மூடிய பரப்பை வெயிலுக்குக் காட்டும். வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் சிலவற்றில் இறக்கை பாதி விரிந்து நிற்கும். வெள்ளைப் பரப்பில் பட்ட ஒளி உடலை நோக்கித் திரும்பும். இரண்டாவது வகை நமக்கு மிக வசதி. இறக்கை சூரியனை நேராகப் பார்ப்பதால், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தாலே நீங்கள் கிட்டத்தட்ட இறக்கைக்கு இணையாக நிற்கிறீர்கள். ஆபத்தும் அங்கேயே இருக்கிறது: காலைச் சூரியன் தாழ்வாக இருப்பதால் உங்கள் நிழல் நேராகப் பூச்சிமேல் விழும். நிழல் தொட்ட மறுகணம் அது இருக்காது. சூரியக் கோட்டிலிருந்து ஓரடி விலகி, உடம்பைத் தாழ்த்தி வாருங்கள்.

முற்பகல் ஏறியதும் அவை ஓயாமல் பறக்கும். துரத்தாதீர்கள், துரத்தி எடுத்த படங்களில் பூச்சியின் பின்புறம்தான் அதிகம் இருக்கும். மேகம் மறைத்தால் மட்டும் கவனியுங்கள். பறந்துகொண்டிருந்தவை சட்டென்று உட்காரும், இறக்கையை மூடும். உட்கார்ந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மேகம் இருக்கும்போதே நெருங்கிவிட்டால், வெயில் திரும்பியதும் அவை விரிக்கும் தருணத்தில் நீங்கள் தயாராக இருப்பீர்கள்.

எல்லாவற்றையும்விட நிதானமான வழி, முந்தின மாலையே போய்ப் பார்ப்பது. பொழுது சாயும்போது தாழ்வான செடிகளிலும் புல் தண்டுகளிலும் இலைக்கு அடியிலும் அவை அடையும். இடத்தைத் தெரிந்துகொண்டு மறுநாள் சூரியன் எழுமுன் ட்ரைபாடோடு போனால், பனித்துளி போர்த்த பட்டாம்பூச்சி அசையாமல் இருக்கும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 100, எஃப் 11, ஷட்டர் கால் விநாடி என்று ஸ்டுடியோவில் எடுப்பது போல எடுக்கலாம். இதைப் பொறுமையில்லாமல் செய்கிறவர்கள் பூச்சியைப் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைப்பதும், தெளிப்பானால் தண்ணீர் அடித்துப் பனித்துளி "உருவாக்குவதும்" உண்டு. கால்கள் கோணலாக, பிடிப்பில்லாமல் இலைமேல் கிடக்கும் பூச்சியைப் பார்த்தாலே பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

நெருங்குவது

பட்டாம்பூச்சியின் கூட்டுக்கண் ஏறக்குறைய எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. நுணுக்கமாகப் பார்ப்பதில் அது நமக்குப் பின்தான். அசைவைக் கண்டுபிடிப்பதில் நம்மைவிட வேகம். ஆகவே பின்னாலிருந்து போனால் தெரியாது என்பது பொய். பக்கவாட்டு அசைவுதான் அதை அதிகம் உசுப்புகிறது. நேர்கோட்டில் மெதுவாக வளர்ந்து வரும் உருவத்தைப் பொறுத்துக்கொள்ளும். கேமராவை முகத்துக்கு முன் உயர்த்திக்கொண்டே நடக்கத் தொடங்குங்கள். அருகில் போனபின் கையை உயர்த்துவதுதான் பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுகிறது. இரண்டு மீட்டரில் ஒரு படம், ஒரு மீட்டரில் ஒரு படம், பிறகு அரை மீட்டரில். நெருங்குமுன் பறந்துவிட்டாலும் எது பறந்தது என்று சொல்ல ஒரு படமாவது இருக்கும்.

காலடியில் கிடக்கும் புல்லும் பூச்சி உட்கார்ந்த கொடியும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். உங்கள் முட்டி ஒரு தண்டை அழுத்தினால் அரை மீட்டர் தள்ளி இலை ஆடும். கீழே பார்த்துக் கால் வைக்கப் பழகுங்கள். பாம்புக்காகவும்தான்.

எப்போது நெருங்கலாம் என்பதற்குச் சில உறுதியான தருணங்கள் உண்டு. ஈர மண்ணில் உப்பு உறிஞ்சும் ஆண் பூச்சிகள் அதில் மூழ்கிப்போயிருக்கும். உறிஞ்சும் சோடியத்தை இணைசேரும்போது பெண்ணுக்குக் கடத்துகின்றன என்பதால் அந்த வேலை அவற்றுக்கு அவ்வளவு முக்கியம். இங்கே படுத்துத்தான் எடுக்க வேண்டும். காய்ந்த கிலுகிலுப்பைச் செடியையும் தேள்கொடுக்கையும் வரியன் வகைப் பட்டாம்பூச்சிகளில் ஆண்கள் மொய்க்கும். பெண்ணை ஈர்க்கும் வாசனைக்கான மூலப்பொருளை அவற்றிலிருந்து எடுக்கின்றன. அந்த நேரத்தில் ஒரு சாண் தூரத்தில் லென்ஸ் வந்தாலும் கண்டுகொள்வதில்லை. இணைசேர்ந்த ஜோடியும் எளிதில் நகராது, ஆனால் அவற்றைக் கிளப்பிவிட்டுப் பறக்கும் ஜோடியை எடுக்க முயல்வது வேண்டாம். முட்டையிடும் பெண் ஓரிடத்தில் நில்லாது. ஒரே வகைச் செடியின் இலைகளை மட்டும் தொட்டுத் தொட்டுப் போகும். அதைத் தொடராமல், அடுத்து வரப்போகும் தளிருக்கு ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். பழகுவதற்கு வெந்தய வரியனைப் போல வேறில்லை. உடலில் நஞ்சு இருப்பதால் பறவைக்கு அஞ்சாது, நிதானமாகப் பறக்கும். எருக்கஞ்செடி இருக்குமிடத்தில் தேடலாம்.

கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பூச்சி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் அது அசையாமல் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம், அதன் பலவீனம். இறக்கை விரிந்து காய்ந்து இறுக ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். அந்த நேரத்தில் கீழே விழுந்தால் இறக்கை கோணலாகவே இறுகிவிடும். கிளையைத் தொடாமல் எடுங்கள்.

காற்றைப் பற்றி ஒன்று. ஷட்டர் வேகத்தைக் கூட்டிவிட்டால் போதும் என்று நினைப்போம். தண்டு பக்கவாட்டில் ஆடினால் அது சரி; 1/500 வைத்தால் உறைந்துவிடும். ஆனால் காற்று உங்களை நோக்கியோ உங்களிடமிருந்தோ வீசினால் பூச்சி அந்த 3 மி.மீ.-ஐவிட்டு முன்னும் பின்னும் போய்வரும்; எந்த ஷட்டர் வேகமும் உதவாது. காற்று உங்களுக்குக் குறுக்கே வீசுமாறு நில்லுங்கள். ஆடும் தண்டு ஒவ்வொரு முனையிலும் ஒரு கணம் நிற்கும், திரும்புவதற்காக. அழுத்த வேண்டியது அப்போது.

லென்ஸ்

60 மி.மீ. மேக்ரோ லென்ஸில் 1:1-க்குப் போனால் கண்ணாடியின் முன்முனைக்கும் பூச்சிக்கும் இடையே 9 அல்லது 10 செ.மீ.தான் இருக்கும். 100 மி.மீ. லென்ஸில் 13 முதல் 15 செ.மீ.; 180 மி.மீ. லென்ஸில் ஏறத்தாழ 24 செ.மீ. எறும்புக்கும் வண்டுக்கும் முதலாவது போதும். பட்டாம்பூச்சிக்கு 100-க்குக் குறைந்து வாங்காதீர்கள்.

மேக்ரோ லென்ஸ் இல்லாதவர்கள் தொலைவுக்கான டெலிஸூமின் முன்முனையில் க்ளோஸ்அப் லென்ஸ் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டுவது நல்ல வழி. பிளஸ் 2 டயாப்டர் லென்ஸின் குவியத் தூரம் 500 மி.மீ. ஸூமை 300 மி.மீ.-இலும் ஃபோகஸை இன்ஃபினிட்டியிலும் (மிகத் தொலைவில்) வைத்தால், 300-ஐ 500-ஆல் வகுத்து வரும் 0.6-தான் உருப்பெருக்கம். இடைவெளியோ அரை மீட்டர். தும்பிக்கும் பட்டாம்பூச்சிக்கும் இதைவிடச் செலவு குறைந்த ஏற்பாடு கிடையாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் வெற்றுக் குழாயான எக்ஸ்டென்ஷன் டியூபை மட்டும் டெலி லென்ஸில் மாட்டி ஏமாறாதீர்கள்; டியூபின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 25 மி.மீ. டியூப் 50 மி.மீ. லென்ஸுக்கு 0.5 கூட்டும், 300 மி.மீ. லென்ஸுக்கு 0.08 மட்டுமே.

ஃபோனில் உள்ள மேக்ரோ பெரும்பாலும் அகலக் கோண லென்ஸில் வேலை செய்கிறது. இரண்டு மூன்று செ.மீ. வரை போக வேண்டும், ஃபோனின் நிழலே பூச்சியை மூடிவிடும். அதைவிட இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஸூமில் தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்வது மேல்.

ஃபோகஸை ஆட்டோவில் விட்டால் 1:2-க்கு மேல் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தேடும். வேண்டிய உருப்பெருக்கத்துக்கு வளையத்தைத் திருப்பி அங்கேயே விட்டுவிட்டு, உடம்பை முன்னால் மெல்லச் சாய்த்து, கூர்மை கண்ணைக் கடக்கும் கணத்தில் ஐந்தாறு படங்கள் தொடராக எடுப்பதுதான் பழைய, நம்பகமான முறை. 2022-இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ7ஆர் 5 போன்றவை பூச்சியைத் தனியாக அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்கின்றன. உதவியாகத்தான் இருக்கிறது, ஆனால் இறக்கைக்கு இணையாக நிற்கும் வேலையை அது செய்து தராது. கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனையும் அதிகம் நம்ப வேண்டாம். தொலைவில் கேமராவின் சாய்வு அசைவைத்தான் அது சமன்செய்கிறது, நெருக்கத்தில் கேமரா பக்கவாட்டில் நகர்வதே பெரிய தொல்லை. எறும்பு, வண்டு, உறங்கும் தேனீ போன்ற சாதுவானவற்றுக்கு ஒரு தந்திரம்: இடக்கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தண்டைப் பிடித்துக்கொண்டு அதே கையின்மேல் லென்ஸை வையுங்கள். கை நடுங்கினால் இரண்டும் சேர்ந்து நடுங்கும், இடைவெளி மாறாது.

ஒளி

பட்டாம்பூச்சிக்கு இயற்கை ஒளியே அழகு. மெல்லிய மேகம் இருந்தால் இன்னும். கையில் பிடித்து எடுக்க 1/320 அல்லது அதற்கு மேல், எஃப் 8, ஐஎஸ்ஓ எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. நுண்மணி கொஞ்சம் தெரிந்தால் பிறகு சரிசெய்யலாம், அசைவு மங்கலைச் சரிசெய்ய முடியாது.

வெள்ளைப் பட்டாம்பூச்சி சட்டத்தை நிறைத்தால் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும்; எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்லும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) 0.7 முதல் 1 வரை கூட்ட வேண்டும். அதே பூச்சி கரும்பச்சை இலைகளுக்கு நடுவே சிறிதாக இருந்தால் மீட்டர் இலைகளைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறக்கை வெளுத்துக் கோடுகளே இல்லாமல் போகும்; அப்போது 1 குறைக்க வேண்டும். "வெள்ளைக்குக் கூட்டு" என்று மனப்பாடம் செய்தவர்கள் தவறுவது இந்த இடத்தில். கறுப்பு இறக்கைக்கு இதையே தலைகீழாக்குங்கள். வெளுத்த பகுதி கண்சிமிட்டும் எச்சரிக்கையை எப்போதும் ஆன் செய்து வையுங்கள்.

1:1-க்கு மேல், நிழலான இடங்களில், ஃபிளாஷ் தவிர்க்க முடியாதது. முழு ஆற்றலில் வழக்கமான ஃபிளாஷ் ஒன்று ஏறத்தாழ 1/1000 விநாடி எரியும். 1/16 ஆற்றலில் 1/10,000-ஐ ஒட்டி வந்துவிடும். கை நடுக்கத்தை உறைய வைப்பது இந்தக் குறுகிய ஒளிதான், ஷட்டர் அல்ல. எனவே ஃபிளாஷைப் பூச்சிக்கு அருகில் கொண்டுவந்து ஆற்றலைக் குறைத்து வைப்பது இரட்டை லாபம்.

ஃபிளாஷ் ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் திரையான டிஃப்யூசரைப் பெரிதாக்குவது மட்டுமல்ல, நெருங்கச் செய்வதும் முக்கியம். பூச்சியின் கண்ணுக்கு வானம் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதே கேள்வி. 15 முதல் 20 செ.மீ. அகலமுள்ள ட்ரேசிங் தாளோ புதுப் பொருள்களைப் பொதிந்து அனுப்பும் மெல்லிய வெள்ளை நுரைத்தாளோ போதும். லென்ஸின் முன்முனையைத் தாண்டிச் சற்று முன்னால் கவிந்திருக்கட்டும். ஒரே தாளை ஃபிளாஷின் முகத்திலேயே ஒட்டினால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு எரியும், வண்டின் முதுகில் அது அப்படியே விழும். இரண்டு தாள்கள், நடுவே மூன்று நான்கு செ.மீ. இடைவெளி: முதலாவது ஒளியைப் பரப்பும், இரண்டாவது சமமாக்கும். பளபளப்பான வண்டின் முதுகு ஒரு கண்ணாடி என்பதை மறக்க வேண்டாம். உங்கள் டிஃப்யூசரின் வடிவம், மடிப்பு, ஒட்டிய டேப் எல்லாம் அதில் தெரியும்.

பகலில் எடுத்த படம் நள்ளிரவு போலக் கறுப்புப் பின்னணியோடு வருவதற்குக் காரணம் தூரம். ஃபிளாஷிலிருந்து பூச்சி 20 செ.மீ., பின்னாலுள்ள இலை 1 மீட்டர் என்றால் தூரம் 5 மடங்கு, ஒளி 25-இல் ஒரு பங்கு. ஐஎஸ்ஓவை 400 அல்லது 800-க்கு உயர்த்தி, ஷட்டரை 1/200-இலிருந்து 1/100-க்கு இறக்கினால் இயற்கை ஒளி பின்னணியை நிரப்பும். அளவு மீறினால் பூச்சியின் ஓரத்தில் நிழல் போல இரட்டை உருவம் வரும். இல்லையென்றால் பூச்சிக்குச் சில செ.மீ. பின்னால் ஓர் இலை இருக்கும் கோணத்தைத் தேடுங்கள். அது இன்னும் எளிது.

மற்ற பூச்சிகள்

தும்பி பறந்துபோனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். கொள்ளை ஈயும் அப்படியே. அது இல்லாத நேரத்தில் நெருங்கி, குச்சி நுனிக்கு ஃபோகஸ் வைத்து, அசையாமல் இருந்தால் உங்களையும் ஒரு புதராக ஏற்றுக்கொள்ளும். உச்சி வெயிலில் தும்பி வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிற்பது வீம்புக்கு இல்லை. உடலில் படும் வெயிலைக் குறைக்கிறது. மிதவை ஈக்கள் அந்தரத்தில் நிற்கும்போது 1/2000 வேண்டும். தனித்து வாழும் தேனீ இனங்கள் சிலவற்றின் ஆண்கள் மாலையில் காய்ந்த தண்டைத் தாடையால் கவ்வியபடி உறங்கும். அடுக்குப் படங்களுக்கு அதைவிட நல்ல மாடல் கிடையாது.

அடுக்குவது என்றால், ஃபோகஸைப் படிப்படியாக நகர்த்தி எடுத்த படங்களை ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக்குவது. படிகள் ஆழத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்: 1:1, எஃப் 8 என்றால் அரை மி.மீ. அளவு. படி பெரிதானால் உடலில் மங்கல் பட்டைகள் வரிவரியாக விழும். உணர்கொம்பு அசைந்தால் மூன்று நான்கு கொம்புகள் முளைத்துவிடும். அந்தப் பகுதியை ஒரே படத்திலிருந்து தீட்டி எடுக்க வேண்டியிருக்கும். கேமராவைக் கையில் பிடித்து எடுத்தால் பதினைந்து படங்களில் ஆறேழு சேர்ந்தாலே நல்ல விளைச்சல்.

இனத்தைக் கண்டுபிடிக்க அழகான படம் ஒன்று போதாது. பட்டாம்பூச்சிக்கு மேல்பக்கமும் அடிப்பக்கமும் வேண்டும். நீலச் சிறகன்களில் அடிப்பக்கப் புள்ளிகளின் வரிசைதான் இனங்களைப் பிரிக்கிறது. தும்பிக்கு மார்பின் பக்கவாட்டுக் கோடுகளும், இறக்கை நுனியருகே உள்ள சிறு நிறத்திட்டும், வால்முனை உறுப்புகளும். அது பறந்துபோன பிறகு, உட்கார்ந்திருந்த செடியையும் ஒரு படம், இலையும் பூவும் தெரியும்படி. முட்டையிட்டுக்கொண்டிருந்த பெண் என்றால் அந்த இலையின் அடிப்பக்கத்தையும் குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள். குண்டூசித் தலை அளவில் ஒரு முட்டை இருக்கும், 1:1-இல் அதன் வரிகள்கூடத் தெரியும், எஃப் 8 போதும்.